எண்டவர் டயர் லைட்டை அணைச்சது: ஃபால்ட் அழிக்கிறது வேற, கோடிங் வேற

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேங்க. உங்க கார்ல ஸ்டெப்னி இல்லாம வெறும் பஞ்சர் கிட் மட்டும் குடுத்திருந்தா டயர் காத்து லைட்டை, வண்டி கம்ப்யூட்டரோட செட்டிங்கை மாத்தி (அதான் கோடிங்) அணைக்கற இந்த வேலைக்கே போகாதீங்க. 2020-ல மோட்டார் வாகன விதியைத் திருத்தினப்போ, டிபிஎம்எஸ்ஸும் (டயர் காத்தைக் கண்காணிச்சு அந்த லைட்டைப் போடற சிஸ்டம்) பஞ்சர் கிட்டும் இருந்தாத்தான் கார்ல ஸ்டெப்னியை விடலாம்னு வெச்சிருக்காங்க. என் ஃபோர்டு எண்டவருக்கு அடியில ஸ்டெப்னி தொங்கறதால எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

வண்டி 2016 மாடல். டயர் லைட் ஒரு நிமிஷம் போல மினுக்கிட்டு அப்புறம் நின்னு எரிஞ்சா, அது காத்துக் குறைவு இல்லை, சிஸ்டம் ஃபால்ட். மினுக்காம நேரா எரிஞ்சா காத்தைப் பாருங்க. எனக்கு மினுக்கிச்சு. டயருக்குள்ள வால்வோட சேர்ந்திருக்கற ரெண்டு சென்சார்ல பேட்டரி செத்துப்போச்சு. அதை மாத்தவும் முடியாது, உள்ள பிசின் ஊத்தி அடைச்சிருப்பாங்க. மூணாவது, டயர் கடையில ஒடைஞ்சது. பீட் (ரிம்முல உக்கார்ற டயர் ஓரம்) பிரிக்கிற தட்டை வால்வுக்குப் பக்கத்துலயே வெச்சு அமுக்கிட்டாங்க. டயர் கழட்டறப்போ பக்கத்துல நின்னு, வால்வை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்க.

நாலு சென்சாரும் புதுசா வாங்க மனசு வரலை. சரி, கோடிங்ல அணைச்சிடலாம்னு கோவைக்குப் போனேன். கோடிங் பண்ணுவோம்னு சொன்ன எடத்துல பத்தே நிமிஷத்துல லைட் போச்சு, காசையும் வாங்கிட்டாங்க. சரவணம்பட்டி வரைக்கும் டிராஃபிக்ல ஊர்ந்தப்போ ஒண்ணுமில்லை. ரோடு விட்டதும் கோவில்பாளையம் தாண்டறதுக்குள்ள லைட் வந்திருச்சு. போன் பண்ணினேன்.

“ஏனுங்ணா, மறுக்கா எரியுதுங்.”

“கோபி போய்ச் சேர்றதுக்குள்ள தானா போயிருமுங்.”

எங்க போச்சு! அவங்க பண்ணினது வெறும் ஃபால்ட் கிளியர், பதிவான ஃபால்ட்டை அழிச்சது மட்டும்தான், கோடிங் இல்லை. வீல் ஓடி வேகம் எடுத்த பின்னாடிதான் சென்சார் ஒழுங்கா சிக்னல் அனுப்பும். சித்தெ நேரம் காத்திருந்து சிக்னல் வரலைன்னா வண்டி மறுபடி ஃபால்ட் போட்டுரும். அதனால எவங்கிட்டப் பண்ணினாலும் காசு குடுக்கறதுக்கு முந்தி வெளிய ரோட்டுல வேகம் எடுத்து இருபது நிமிஷம் ஓட்டிப் பாருங்க. கடை வாசல்ல அணைஞ்சதெல்லாம் கணக்குல வராது.

அப்புறம் நானே ஃபோர்ஸ்கேன்ல (ஃபோர்டு வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கவும் மாத்தவும் உதவற சாஃப்ட்வேர்) உக்காந்தேன். விண்டோஸ் லேப்டாப்புல இன்ஸ்டால் பண்ணி, எக்ஸ்டெண்டட் லைசென்ஸ் போடணும். அது இல்லாம கான்ஃபிகரேஷன் பக்கமே திறக்காது. அந்த லேப்டாப்புக்கு மட்டும்தான் அது செல்லும், அதனால யார் லேப்டாப்புல பண்ணப் போறீங்கன்னு மொதல்லயே முடிவு பண்ணிக்குங்க. இதுல சிரமமே இல்லை.

சிரமம் அடாப்டர்ல. வண்டியையும் லேப்டாப்பையும் இணைக்கற மலிவு புளூடூத் ஈஎல்எம் அடாப்டர் ஒண்ணு வெச்சிருந்தேன். ஃபால்ட் படிக்க அது போதும். ஆனா ஃபோர்டுல ஹெச்எஸ்-கேன், எம்எஸ்-கேன்னு தனித்தனி லைன் இருக்கு. இது ஒண்ணை மட்டும்தான் பாத்துச்சு, பாதி மாட்யூல் (வண்டிக்குள்ள இருக்கற சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்) லிஸ்ட்லயே வரலை. ரெண்டையும் தானா மாத்திக்கிற யூஎஸ்பி அடாப்டர் வாங்கினேன். எழுதற வேலைக்கு புளூடூத்தை நம்பாதீங்க. பாதியில கட்டாச்சுன்னா மாட்யூல் பாதி எழுதின நிலையில நிக்கும்.

தொடறதுக்கு முந்தி பிசிஎம் (BCM, பாடி கன்ட்ரோல் மாட்யூல்), ஐபிசி (IPC, மீட்டர் மாட்யூல்) ரெண்டையும் ‘ஆஸ் பில்ட்’ பக்கத்துல (கம்பெனி போட்ட செட்டிங் எண்களாத் தெரியற பக்கம்) திறந்து ஃபைலா சேமிச்சேன், பென்டிரைவ்ல ஒரு காப்பி. பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி, ஏசி, லைட் எல்லாம் நிறுத்தி, லேப்டாப் ஸ்லீப் போகாத மாதிரி வெச்சு, இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். எழுதி முடியற வரைக்கும் கதவைத் திறக்க வேண்டாம்.

பிசிஎம்ல டயர் பிரஷர் மானிட்டரை ‘டிசேபிள்’ பண்ணி எழுதினேன். ஃபோர்ஸ்கேன் சொன்ன நேரத்துல கீ ஆஃப், ஆன். மீட்டரைப் பாத்தா லைட் அப்படியே நிக்குது! ஸ்கேன் பண்ணினா கூடவே யூ2101-ங்கற ஃபால்ட் கோடு, கான்ஃபிகரேஷன் ஒத்துப்போகலைன்னு அர்த்தம். தப்பு எம்மேலதான். சென்சார் சிக்னலை வாங்கறது பிசிஎம், லைட்டைக் காட்டறது ஐபிசி. பிசிஎம் பேசறதை நிறுத்திருச்சு, ஐபிசி இன்னும் காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்கு. ஐபிசியிலயும் டிபிஎம்எஸ்ஸை அணைச்சு, எல்லா ஃபால்ட்டையும் கிளியர் பண்ணி, பொழுதோட சத்தி வரைக்கும் போயிட்டு வந்தேன். லைட் வரவே இல்லை. அப்பாடா!

ஆஸ் பில்ட் எண்களை இங்க நான் போடலை. மாடலுக்கு மாடல் மாறும், இன்னொருத்தர் எண்ணை அப்படியே தூக்கி எழுதினா வேற ஏதாவது போயிரும். சாதா எழுத்துல பேர் போட்டுக் காட்டற பக்கத்துலயே மாத்துங்க.

ஒடைஞ்ச சென்சாரைக் கழட்டி சாதா வால்வு போட்டா வீல் பேலன்ஸ் மறுபடி பாக்கணும். சென்சார் கனம் போனா எண்பதுக்கு மேல ஸ்டியரிங் ஆடும். சும்மா செத்ததை உள்ளயே விட்டுட்டேன். அந்த வால்வு அலுமினியம், அதுல பித்தளை மூடி போட்டீங்கன்னா உப்புப் பிடிச்சு ஒட்டிக்கும், கழட்டறப்போ வால்வே ஒடையும். பிளாஸ்டிக் மூடி போதும்.

இனி லைட் சொல்லாதுங்கறதால கையில காத்து அளக்கற கேஜ் ஒண்ணு வெச்சுக்கிட்டேன். டயர் ஆறியிருக்கறப்போ வெள்ளென பாத்தாத்தான் டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கற அளவோட ஒப்பிட முடியும். திம்பம் 27 வளைவு ஏறற அன்னிக்கு கட்டாயம் பாக்கறேன். வண்டியை விக்கறப்போ அந்தப் பழைய ஃபைலைத் திருப்பி ஏத்திட்டுத்தான் குடுக்கணும், அதனால பென்டிரைவ் ஆர்சி கவர்லயே கிடக்கு.