வேலைக்கு நடுவே ஒரு நாவல்

முழுநேர வேலை நாவலாசிரியனின் நேரத்தைத் தின்றுவிடும் என்பார்கள். என்னிடமிருந்து அது முதலில் பறித்தது மொழியை. பகலெல்லாம் மின்னஞ்சல், அறிக்கை, கூட்டக் குறிப்பு என்று எழுதிவிட்டு இரவில் உட்கார்ந்தால், என் கதாபாத்திரங்களும் அறிக்கை வாசிப்பதுபோலவே பேசினார்கள். அதனால் விடியற்காலைக்கு மாறினேன். அன்றைய முதல் வாக்கியம் நாவலுக்கு. அலைபேசியைத் தொடுவதே அதற்குப் பிறகுதான்.

ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் 1834 முதல் 1867 வரை வேலை பார்த்தவர். காலை 5.30 மணிக்கு மேசைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் எழுதுவார். இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் வியப்பார்கள். எனக்கு உதவியது வேறொன்று: முந்தைய நாள் எழுதியதை வாசிக்க அவர் முதல் அரை மணியை ஒதுக்கினார். வேலைக்குப் போகிறவனுக்கு ஒவ்வொரு நாளும் கதை அறுந்துபோகிறது. அந்த வாசிப்புதான் அதை மறுபடி முடிச்சுப் போடுகிறது. எழுதி நிறுத்தும்போது அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒரு வரியில் குறித்து வைப்பதும் என் வழக்கமாகிவிட்டது.

ஜெர்மன் மொழி எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு இரவுகளில் எழுதினார். 1912 செப்டம்பர் 22 அன்று இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மறுநாள் காலை ஆறு மணிக்குள் ஒரு சிறுகதையை முடித்தே எழுந்தார். அவருடைய மூன்று நாவல்களும் முடிவுபெறாமலே நின்றன. காரணங்கள் பல இருக்கலாம். ஆனாலும் சிறுகதை ஓர் இரவின் வேகத்தில் பிறந்துவிடும், நாவலுக்கு அந்த வேகம் போதாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாளுக்கு 300 சொற்கள் வீதம் 300 நாட்கள் எழுதினால் 90,000 சொற்கள். ஒரு நாவலுக்கு அது தாராளம்.

வேலை கொடுத்ததையும் சொல்ல வேண்டும். மேலதிகாரி உள்ளே வந்ததும் ஒருவர் குரல் எப்படி மாறுகிறது, பதவி உயர்வு கிடைக்காதவர் கிடைத்தவரை எப்படி வாழ்த்துகிறார் என்பதையெல்லாம் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் நான் கண்டிருக்கவே முடியாது. ஆனால் உடன் வேலை பார்ப்பவரின் வாழ்க்கையை அப்படியே தூக்கி எழுதுவதில்லை. நம்பிப் பகிர்ந்த துயரம் அவருடையது. ஓர் அசைவை, ஒரு தயக்கத்தை எடுத்துக்கொள்வேன். அதற்கு வேறு ஆளும் வேறு காரணமும் கற்பனையில் அமையும்.

அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக எழுதும் முறைக்குக் கட்டுப்படாதது திருத்தம் ஒன்றுதான். முதல் அத்தியாயத்தில் கோபக்காரனாக இருந்தவன் பத்தாவதில் காரணமில்லாமல் சாந்தமாகியிருப்பான். துண்டு துண்டாக வாசித்தால் அது கண்ணில் படாது. முழுப் பிரதியையும் ஒரே ஓட்டத்தில் வாசிக்கத் தொடர்ச்சியாகச் சில நாட்கள் வேண்டும். சேர்த்து வைத்த விடுப்பையெல்லாம் நான் செலவழிப்பது அதற்குத்தான்.