உனாஸ் மன்னரின் படையல் சுவரை வரைந்து பார்க்கிறேன்: இதுவரை

சக்காராவில் உள்ள உனாஸ் பிரமிடில் சித்திர எழுத்தில் இருக்கும் படையல் வாசகங்களைப் படங்களைப் பார்த்து நோட்டில் வரைந்துவருகிறேன். எகிப்தின் 5-ஆம் வம்சத்துக் கடைசி மன்னர் இவர், காலம் கி.மு. 2350 வாக்கில். பிரமிடுக்குள் சுவர்களில் மந்திரங்களைச் செதுக்கியது இவருக்குத்தான் முதன்முதலில். 1881-இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் மாஸ்பெரோ அதைத் திறந்தார். சவ அறையின் வடக்குச் சுவரில் மூன்று அடுக்காகப் படையல் சடங்கு ஓடுகிறது. முதல் அடுக்கில் பாதியைத் தாண்டிவிட்டேன்.

படிக்கத் தெரிந்த பிறகு வரையலாம் என்று காத்திருக்காதது நல்லதாயிற்று. வரைய வரையத்தான் அமைப்பு பிடிபடுகிறது. மேலிருந்து கீழாக ஒடுக்கமான பத்திகள். இறந்து, மறுமையின் கடவுளான ஒசைரிஸாகிவிட்ட உனாஸை அழைத்து, பருந்துத் தெய்வம் ஹோரஸின் கண்ணை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. எதிரித் தெய்வமான சேத் பறித்து, பிறகு மீட்கப்பட்ட கண் அது. நேட்ரான் உப்பு, தூபம், பால், ஏழு வகை எண்ணெய், ரொட்டி, பீர் என எதைப் படைத்தாலும் அந்தக் கண்ணையே மன்னருக்குத் திருப்பித் தருவதாகப் பொருள். பத்தியின் அடியில் பொருளின் பெயரும், எத்தனை என்று கோடுகளும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். இத்தனை பெரிய மந்திரத்துக்குக் கீழே மளிகைக் கணக்கு மாதிரி ஒரு வரி! பூசாரிகள் படைப்பது ஒருநாள் நின்றுபோனாலும், சுவரில் இருக்கும் எழுத்தே மன்னருக்குச் சாப்பாடு போடும் என்ற நம்பிக்கை அந்த வரியில் தெரிகிறது.

கைக்குப் பழகிய எழுத்துகள் என்றால் உனாஸ் பெயரில் வரும் முயலும், நீர் அலையும். ஹோரஸின் பருந்துக்குத்தான் இன்னும் நேரம் பிடிக்கிறது. நெஞ்சின் வளைவு கொஞ்சம் தட்டையானாலும் புறா மாதிரி ஆகிவிடும். சுவரில் எழுத்துக் குழிவுகளை நீல நிறத்தால் நிரப்பியிருக்கிறார்கள், அதனால் நானும் நீல மைக்கு மாறினேன். பக்கமே எழுந்து நிற்கிறது.

அப்புறம் இன்னொன்று. உனாஸுக்குப் பின் வந்த பிரமிடுகளில் மனித உருவ எழுத்துகளைப் பல இடங்களில் தலையும் கையும் மட்டுமாகச் செதுக்கினார்கள். அவை உயிர்பெற்று இறந்தவருக்குத் தீங்கு செய்யும், படையலைத் தின்றுவிடும் என்ற பயம்தான் காரணம் என்கிறார்கள். எழுத்து உணவாகும் என்றால் எழுத்துக்குப் பசிக்கவும் செய்யும் அல்லவா?

ஏழு எண்ணெய்ப் பத்திகளை முடித்ததும் பின்னாளில் ஆண்ட மன்னர் இரண்டாம் பெப்பியின் பிரமிடிலிருந்து அதே பகுதியை எடுத்துப் பக்கத்தில் வரையப்போகிறேன். அங்கே படையல் வரிசை இன்னும் நீளம்.