கன்னியிடம் பிறந்தார் என்பதில் என்ன இருக்கிறது?

நத்தார் (கிறிஸ்மஸ்) நெருங்கினாலே கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கம் யாராவது கேட்டுவிடுவார்கள், இயேசு கன்னியிடம் பிறந்தார் என்று நம்பாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று. நிறையக் குறையும் என்றுதான் நான் சொல்வேன்.

முதலில், டிசம்பர் 8இல் வருகிற அமலோற்பவத் திருநாளோடு இதைக் குழப்ப வேண்டாம். அது மரியாள் தன் தாய் வயிற்றில் ஆதாமின் வழியாக எல்லாருக்கும் வருகிற சென்மப் பாவமின்றிக் கருவானதைப் பற்றியது, 1854இல் கத்தோலிக்கத் திருச்சபை வரையறுத்தது. கன்னிப் பிறப்பு மத்தேயு, லூக்கா நற்செய்திகளில் உள்ளது, விசுவாசப் பிரமாணம் என்ற நம்பிக்கை அறிக்கையில் நாங்கள் அறிக்கையிடுவது.

தாம்பத்தியம் அசுத்தம் என்பதற்காக இதை எழுதினார்கள் என்பார்கள் சிலர். வாசித்துப் பாருங்கள், அந்த வாடையே இல்லை. மீட்பு மனித முயற்சியால் வரவில்லை, கடவுளே தொடங்கிவைத்தார், அதுதான் அங்கே பேச்சு. சரி, 'கன்னி' மட்டுமல்ல, 'பிறந்தார்' என்பதும் முக்கியம். இயேசு மனிதனைப்போல் தோன்றினார், அவ்வளவுதான் என்று சிலர் சொல்லித் திரிந்தபோது, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தியோக்கியாவின் ஆயர் இஞ்ஞாசியார், இயேசு மரியாளிடம் உண்மையாகவே பிறந்தார், உண்டார், குடித்தார் என்று அடித்துச் சொன்னார்.

எனக்கு நெருக்கமானவர் மரியாளின் கணவர் யோசேப்பு. பிள்ளை தன்னுடையது இல்லையென்று தெரிந்தும் அவர்தான் பெயர் வைக்கிறார், அப்படித்தான் இயேசு தாவீதின் வம்சத்தில் சேர்கிறார். நத்தார் பிரசங்கத்தில் இதையும் கொஞ்சம் சொல்லுங்கள் சுவாமிமாரே!