புரட்டாசியில் ஒரு பஸ் வீடு: டர்பனிலிருந்து ஹாரிஸ்மித் வரை

பயணம் முடிந்து வந்து இன்னும் துணி துவைக்கவில்லை. அதற்குள் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரத்துக்கும் மேலாக நானும் கணவரும் தென்னாப்பிரிக்காவில் ஒரு பழைய பள்ளிக்கூட பஸ்ஸில் குடியிருந்தோம். சமையல், தூக்கம், பூஜை, சீட்டாட்டம் எல்லாம் அதற்குள்தான். செலவுக் கணக்கு, வழி, தங்கிய இடம் எல்லாம் வரிசையாகத் தருகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வரிசை இருக்குமா என்று தெரியவில்லை, சொல்ல அவ்வளவு இருக்கிறது.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். நாங்கள் இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு 570 கிலோமீட்டர் போல வரும். இரவு பஸ் பிடித்தோம். கம்பெனி பெயர் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது, ஏன் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏசியைக் குறைக்கச் சொன்னால் குறைக்க வராதாம். கழிவறைக் கதவு பூட்டியே கிடந்தது. நடுராத்திரி சாப்பிட நிறுத்திய இடத்தில் மாட்டிறைச்சி பேஸ்ட்ரி, கோழி பேஸ்ட்ரி, அப்புறம் பில்டோங் என்று இங்கே சொல்லும் உப்புக்கண்டம். புரட்டாசி விரதக்காரிக்குக் கிடைத்தது ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும். இரண்டுக்கும் அவர்கள் வாங்கிய காசில் வீட்டில் இரண்டு வேளைக்குச் சாம்பார் வைத்துவிடலாம். இந்த நாட்டில் சைவம் சாப்பிட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் போவது பெரிய பாடு.

விடிந்ததும் டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த். பஸ் வீட்டுக்காரத் தம்பதி அங்கேதான், நாங்கள் அக்கா, அண்ணா என்றே கூப்பிடுவோம். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு கோயில் விழாவில் பழக்கமானவர்கள். அண்ணா டீசல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். அதனால் அந்த வீட்டில் தமிழ் நன்றாகவே புழங்குகிறது. அண்ணா ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், அவ்வளவுதான். 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்தார்களே, அந்த வழியில் வந்தவைதான் அக்கா, அண்ணா இருவர் குடும்பமும்.

வாசலில் நின்றது பஸ். பள்ளிக்கூட பஸ் வீடு என்றாலே யூடியூபில் பார்க்கும் அமெரிக்க மஞ்சள் பஸ்தான் ஞாபகம் வரும். அந்த மஞ்சள் 1939-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு மாநாட்டில் முடிவு செய்த நிறம். பஸ்ஸை வீடாக மாற்றினால் அந்த நிறத்தை மாற்றியாக வேண்டும் என்று அங்கே பல மாநிலங்களில் சட்டமே உண்டு. அண்ணாவின் பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. வெள்ளை உடம்பு, பச்சைக் கோடு, இஞ்சின் முன்பக்கம் டிரைவர் பக்கத்திலேயே ஒரு மூடிக்குள். பல வருஷம் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வண்டி. இருக்கைகளைக் கழற்றியபோது அடியிலிருந்து பென்சிலும் சில்லறையும் ஒரு பல் செட் கிளிப்பும் கிடைத்ததாம். அக்கா அதையெல்லாம் ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார்.

உள்ளே ஏறினால் இடது பக்கம் சமையல் மேடை, எதிரே நீள இருக்கை, நடுவில் மடக்கு மேஜை, பிறகு குளிக்கும் அறை, கடைசியில் குறுக்கே போட்ட கட்டில். எங்களுக்கு நீள இருக்கையை இழுத்தால் படுக்கை. கூரைமேல் நான்கு சோலார் தகடு, கீழே லித்தியம் பேட்டரி. லோட் ஷெடிங், அதாவது முறை வைத்து மின்வெட்டு, உச்சத்தில் இருந்த காலத்தில்தான் அண்ணா இந்த வேலையைத் தொடங்கியிருக்கிறார். தெருவே இருட்டில் கிடக்கும்போது வாசலில் நின்ற பஸ்ஸில் மட்டும் விளக்கு எரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கும். எங்கள் ஜோஹன்னஸ்பர்க் வீட்டில் நாங்கள் மெழுகுவத்தியோடு மல்லாடிய ராத்திரிகளை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் எல்லாம் சட்டென்று கடந்துவிட்டோம். ஹோவிக்கில் 95 மீட்டர் அருவி பார்த்தோம். அதன் பக்கத்தில் மண்டேலாவைப் பிடித்த இடம். 1962 ஆகஸ்ட் 5 அன்று டிரைவர் வேடத்தில் வந்தவரை அந்தச் சாலையில்தான் மடக்கினார்கள். 50 எஃகுத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் மட்டும் அத்தனையும் சேர்ந்து அவர் முகமாகத் தெரிகிறது. ஒரு அடி தள்ளி நின்றால் வெறும் கம்பி. யார் அந்தப் பக்கம் போனாலும் தவறவிடாதீர்கள்.

அப்புறம் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரம். வின்டர்டன் தாண்டி ஒரு முகாம். இங்கேதான் பஸ் வீட்டின் அருமை புரிந்தது. வண்டியை நிறுத்தியதும் அண்ணா செய்த முதல் வேலை, ரசமட்டத்தை எடுத்து கேஸ் அடுப்பின் மேல் வைத்ததுதான். குமிழி நடுவுக்கு வரும்வரை டயருக்கு அடியில் பலகை வைப்பதும், வண்டியை அரை அடி முன்னே பின்னே எடுப்பதுமாக இருந்தார். எனக்கு ஆரம்பத்தில் இது அதிகப்படியாகத் தெரிந்தது. மறுநாள் இன்னொரு இடத்தில் இருட்டிவிட்டதால் சும்மா நிறுத்தினோம். காலையில் ஊற்றிய தோசை ஒரு பக்கம் அடையாகவும் மறுபக்கம் அப்பளமாகவும் வந்தது. அக்கா அண்ணாவை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்குப் பிறகு ரசமட்டம் இல்லாமல் அடுப்பு பற்றவைக்கவில்லை.

மாவு புளித்த கதையையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் கடைசி இங்கே வசந்த காலம் என்றாலும் மலையடிவாரத்தில் ராத்திரி நல்ல குளிர். மாவு எப்படிப் பொங்கும் என்று கேட்டேன். அக்கா பாத்திரத்தைத் துணியில் சுற்றி இஞ்சின் மூடியின்மேல் வைத்து, பெல்ட்டால் கட்டினார். பகல் முழுக்க ஓடிய இஞ்சின், இரவு வெகுநேரம் கதகதப்பாக இருக்கிறது. காலையில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது மாவு. ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலத்தில் ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்தும் எனக்கு இப்படி வந்ததில்லை.

செப்டம்பர் 24 இங்கே பாரம்பரிய தினம், பொது விடுமுறை. நாடே அன்றைக்குக் கரி அடுப்பு மூட்டி இறைச்சி சுடும், பிராய் என்பார்கள். முகாம் முழுக்கப் புகை. எங்கள் பஸ்ஸில் நாலு பேரும் விரதம். அக்கா சளைக்கவில்லை. எங்கள் கரியில் கத்திரிக்காய், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, குடைமிளகாய் எல்லாம் ஏறியது. சுட்ட கத்திரிக்காயைத் தோலுரித்து, புளி, பச்சைமிளகாய், வெல்லம் கொஞ்சம் போட்டுப் பிசைந்து மேலே கடுகு தாளித்துக் கொட்டினார். அந்த வாசனைக்குப் பக்கத்துக் கூடாரத்து ஆஃப்ரிக்கானர் (டச்சு வழி வெள்ளையர்) குடும்பம் எட்டிப் பார்த்தது. அந்த அம்மாள் கையில் ரூஸ்டர்கூக், அதாவது மாவை உருட்டி அதே கம்பிவலையில் சுடும் ரொட்டி. எங்கள் கத்திரிக்காய், அவர்கள் ரொட்டி. வெளியே மொறுமொறுவென்று கரி மணத்தோடு, உள்ளே பஞ்சாக, அதற்குள் புளிப்பும் காரமுமாகக் கத்திரிக்காய். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நான் சாப்பிட்ட மிகச் சிறந்த சாப்பாடு இதுதான். எந்த ஹோட்டலும் பக்கத்தில் வர முடியாது.

அந்த முகாம்காரர்மேல் மட்டும் கோபம் ஆறவில்லை. பஸ் நீளமாம், அதனால் இரண்டு இடத்துக்கான வாடகை. பக்கத்தில் ஒருவர் காரும் கேரவனும் படகு ட்ரெய்லரும் நிறுத்தியிருந்தார், அவருக்கு ஒரே இடம். அண்ணா காலால் அடி வைத்து இரண்டையும் அளந்தே காட்டினார். அவர் மசியவில்லை. முன்கூட்டியே போனில் வண்டியின் நீளத்தைச் சொல்லி, விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெர்க்வில் வழியாக ஆலிவியர்ஸ்ஹூக் கணவாய் ஏறினால் ஸ்டெர்க்ஃபான்டெய்ன் அணை, அதைத் தாண்டி ஹாரிஸ்மித். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்டோம். ஒன்றுமில்லை, ஒரு ராத்திரி தூங்கணும் என்றார் அண்ணா. ஹாரிஸ்மித் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இருக்கிறது. 1891-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள், இந்தியர்கள் குடியிருக்கக் கூடாது என்று. அது நீங்கியது 1986-இல்தான். அண்ணா சின்னப் பையனாக இருந்தபோது கல்யாணத்துக்கு ஜோஹன்னஸ்பர்க் போக வேண்டுமென்றால், புளிச்சோறும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு காரில் ஏறுவார்களாம். ஃப்ரீ ஸ்டேட்டுக்குள் அவர் அப்பா எங்கும் தங்க மாட்டார். எவ்வளவு தூக்கம் வந்தாலும், முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு மாகாண எல்லை தாண்டும்வரை ஓட்டுவார். பின்சீட்டில் பிள்ளைகள் பாட்டுப் பாடி அவரை விழிக்க வைப்பார்கள்.

அக்கா வீட்டுக் கதை இன்னொன்று. டர்பனின் கேட்டோ மேனரில் அவர் தாத்தா கட்டிய வீடு. எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950-இல் வந்தது, அது வெள்ளையர் பகுதி என்றார்கள், குடும்பத்தை சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளினார்கள். கொய்யா மரத்தை மட்டும் விட்டுவிட்டு வந்தோம் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் என்றார். இதைச் சொல்லும்போது அக்கா கை வேலையை நிறுத்தவே இல்லை. அரிசிமாவும் வெல்லமும் பிசைந்து மாவிளக்கு பிடித்துக்கொண்டிருந்தார், அன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை. ஜன்னலைத் திறந்து, கேஸை அடைத்துவிட்டு, மடக்கு மேஜையில் விளக்கேற்றி கோவிந்தா சொன்னோம். அண்ணா வழக்கத்தைவிடச் சத்தமாகவே சொன்னார். இரவு படுத்ததும் குறட்டை.

பஸ் வீடு என்றால் எனக்கு இதுதான். எங்கே நிறுத்துவது, எப்போது தூங்குவது, என்ன சாப்பிடுவது, எல்லாம் நம் கையில். இந்தச் சுதந்திரத்துக்கு இந்த நாட்டில் இவ்வளவு கனம் இருக்கிறது என்று நான் அங்கே போகும்வரை நினைத்துப் பார்த்ததில்லை.

இரவுகளில் துனி ஆடினோம். டர்பன் தமிழர்களின் உயிர் இந்தச் சீட்டாட்டம். ஊரில் 304 ஆடியவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம்: ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜா 3, ராணி 2. 24 சீட்டையும் கூட்டினால் அதே 304. அக்கா ஆடும்போது அவர் ஆசிரியை என்பதே மறந்துவிடும், அப்படி ஒரு சத்தம்.

சரி, செலவு. டீசல்தான் பெரிய அடி. இந்தக் கனத்துக்கு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கிடைத்தாலே அண்ணா சந்தோஷப்படுகிறார். இங்கே பெட்ரோல் விலையை அரசு மாதாமாதம் முதல் புதன்கிழமை மாற்றும், ஒரே விலை மண்டலத்துக்குள் எல்லா பங்கிலும் ஒரே விலை. டீசலின் சில்லறை விலை அப்படிக் கட்டுப்பட்டதில்லை. ஊருக்கு ஊர், பங்குக்கு பங்கு மாறும். அதனால் கிடைத்த இடத்தில் நிரப்பாமல் விசாரித்து நிரப்புங்கள். எங்களுக்கு அதிலேயே ஒரு முகாம் வாடகை மிச்சமானது. டோல் கட்டணம் அச்சைப் பார்த்துப் போடுகிறார்கள். நாலு பேர் தூங்கும் வீட்டுக்கும் சரக்கேற்றிய இரண்டு அச்சு லாரிக்கும் ஒரே வகுப்பு. இது நியாயமே இல்லை.

தண்ணீர் சிக்கனம் பழக ஒரு நாள் ஆகும். சொம்பில் மொண்டு குளிப்பவர்களுக்கு அது கஷ்டமில்லை, ஷவரில் வளர்ந்தவர்களுக்குத்தான் பாடு. கழிவறைப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொட்டுவது நாற்றம் பிடித்த வேலை, முறை வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் தகரக் கூரையில் பேச்சே கேட்காது. எனக்கு அது பிடித்திருந்தது, கணவருக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது வான் ரீனன் கணவாய். மேலே ஊரில் எட்டே பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டித் தேவாலயம் இருக்கிறது, அதை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினோம். பிறகு பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு முன்னால் வரும் டவுன் ஹில் இறக்கம். லாரி விபத்துகளுக்குப் பேர்போன இடம். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று அண்ணா கீழ் கியரிலேயே ஊர்ந்தார். பின்னால் ஹாரன் அடித்தவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. கனமான வண்டியில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்களோடு நான் பயணம் செய்ய மாட்டேன்.

எங்கள் கார் லைசென்ஸில் இந்த பஸ்ஸை ஓட்ட முடியாது. அது 3,500 கிலோவரைதான். அதற்கு மேல் 16,000 கிலோவரை சி1 வகை லைசென்ஸ் வேண்டும். கணவர் அதற்கான தேர்வுப் புத்தகத்தை டர்பனிலேயே வாங்கிவிட்டார். எந்த பஸ் வாங்கலாம் என்று இப்போதே இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அண்ணா சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். ரப்பர் விரிப்பைத் தூக்கி, சக்கரத்துக்கு மேலும் படிக்கட்டு ஓரத்திலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். விற்பவர் விரிப்பைத் தூக்க விடவில்லை என்றால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள். அண்ணாவின் பஸ்ஸிலேயே தரையின் பின்பாதி துருப்பிடித்துப் போயிருந்தது. வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைத்த செலவு, பஸ் வாங்கிய விலையில் பாதி.