விருந்தாளி அறை: வடக்குச் சுவர் ஒருவழியாக அடங்கியது

நாலாவது பூச்சும் காய்ந்துவிட்டது. ஈரத்தோடு சுவரில் வெள்ளையாகப் பூக்கும் உப்பு இன்னும் தலைகாட்டவில்லை. பெயின்ட் மேல் பெயின்டாக அடித்தும் ஒவ்வொரு மழைக்கும் தோலுரித்த சுவர் இது. மூன்று கிலோ சுண்ணாம்புக்கு மசிந்திருக்கிறது. அறையில் பாதி வேலை இன்னும் பாக்கி என்றாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அறை பத்துக்குப் பத்து, உயரம் ஒன்பது அடி. குன்னூர்ப் பக்கத்துப் பழைய செங்கல் கட்டடம், சுண்ணாம்புக் காரை. பட்ஜெட் பத்தாயிரம், கூலியாள் கிடையாது. வடக்குச் சுவருக்கு வெளியே வெட்டிவிட்ட மண்மேடு. மலையில் பாதி வீடுகளுக்கு முதுகுப்பக்கம் இப்படித்தான்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பெயின்ட் டப்பாவைத் திறப்பது வீண் செலவு. ஓர் அடி சதுரத்துக்குப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வேர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வேர்த்தால் அறைக் காற்றின் ஈரம். அதற்கு ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் மருந்து. (பிளாஸ்டிக் கவருக்குத் தடை உள்ள நீலகிரியில் அதைத் தேடி அலைய வேண்டாம். பழைய மெத்தை உறை, சட்டைப் பெட்டி உறை எதுவானாலும் சரி.)

இங்கே உள்பக்கம்தான் வேர்த்தது. அதனால் முதல் வேலை வீட்டுக்கு வெளியே. சுவரை ஒட்டிய மண்ணை உள்தரை மட்டத்துக்கு ஆறு அங்குலம் கீழே வரும்படி வெட்டி இறக்கி, சாக்கடையில் அடைத்திருந்த சில்வர் ஓக் சருகை வாரியாயிற்று. கூரைத் தண்ணீர் சுவர் ஓரமாகச் சொட்டாமல் குழாயையும் தள்ளி விட வேண்டும். பிறகு சுவர் காய வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. முழுக்கக் காயும் வரை யாரும் காத்திருப்பதில்லை, காயவும் காயாது. அதனால்தான் மூச்சுவிடும் பூச்சு தேவைப்படுகிறது.

ஆயில் பெயின்டோ, 'டேம்ப் ப்ரூஃப்' என்று விற்கும் ரப்பர் மாதிரிப் பூச்சோ அடித்தால் ஏன் உரிகிறது? சுவரிலிருக்கும் தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு தங்கும். மேலே படலம் இருந்தால் அதற்குப் பின்னால் உப்பு படிகமாகி, காரையோடு சேர்த்துத் தள்ளிவிடும். சுண்ணாம்பு ஆவியை வெளியே விடும். உப்பு வந்தாலும் மேலேயே பூக்கும், துடைத்துவிடலாம்.

பழைய எமல்ஷன், டிஸ்டெம்பர் எல்லாவற்றையும் காரை தெரியும் வரை சுரண்டியாக வேண்டும். மிச்சம் வைத்த இடத்தில் சுண்ணாம்பு பிடிக்காது. உப்பை ஈரத்துணியால் துடைத்தால் அது கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த முரட்டுப் பிரஷ்ஷால் தட்டி, விழும் தூளைச் செய்தித்தாளில் ஏந்தி வெளியே கொட்டுங்கள். கறுப்புப் பூஞ்சை இருக்கும் இடத்துக்கு மட்டும் லிட்டருக்கு இரண்டு மேஜைக் கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரைத் தடவி, கால் மணி நேரம் கழித்துத் துடைக்கலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், பாத்ரூம் ஆசிட் பக்கத்தில்கூட வர வேண்டாம், கலந்தால் குளோரின் வாயு.

இனி சுண்ணாம்பு. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கடையில் பொடியாக விற்பது, இந்த ஊர்க் காற்றில் மூட்டையிலேயே பாதி செத்துப்போன சரக்கு. சுட்ட சுண்ணாம்புக் கட்டியாக மேட்டுப்பாளையத்தில் வாங்கி, வந்த அன்றே ஊறப்போட வேண்டும். இரும்பு டிரம்தான், பிளாஸ்டிக் பக்கெட் இளகிவிடும். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை இல்லாமல் கிட்டே போகாதீர்கள். கொதி அடங்கியதும் மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது ஒரு வாரம் மூடி வையுங்கள். அதிகம் கிடந்தால் நல்லதே. 90 சதுர அடிக்கு நாலு பூச்சு அடிக்க மூன்று கிலோ கட்டி தாராளம்.

பழைய வேட்டியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைப்பதுதான் ரகசியம். கெட்டியாக அடித்தால் ஒரே பூச்சில் வெள்ளையாகும், ஒரே மாதத்தில் செதிலாக உதிரும். நீர்க்க அடித்தால் முதலில் ஒன்றுமே தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும். அதைப் பார்த்துப் பயந்து அங்கேயே இன்னொரு தடவை இழுக்காதீர்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் முன் சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்து, வெள்ளையடிக்கும் நார் மட்டையால் குறுக்கும் நெடுக்கும் இழுத்து, ஒரு நாள் இடைவெளி விடுங்கள். நடுவில் உப்பு பொடியாகப் பூத்தால் உலர்ந்த பிரஷ், பிறகு அடுத்த பூச்சு.

சுண்ணாம்பில் கல்லுப்புப் போடும் வழக்கம் சமவெளிக்குச் சரி. ஏற்கனவே உப்பு பூக்கும் சுவரில் அது வேண்டாம். கஞ்சியும் கூடாது, பூஞ்சைக்கு அது சோறு.

சுண்ணாம்புச் சுவரின் ஒரே குறை, சாய்ந்தால் சட்டை வெளுப்பது. அதற்குத்தான் தலைமாட்டுப் பலகை. மரமில்லில் முக்கால் அங்குல சில்வர் ஓக், ஆறங்குல அகலம், ஐந்தடி நீளத்தில் எட்டுப் பலகை. காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள்; பச்சை மரம் அறைக்குள் வந்துதான் வளையும். பலகையைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டமான ரீப்பரை நெட்டுக்குத்தாகவே அடியுங்கள், பலகையைக் குறுக்கே. அப்போதுதான் பின்னால் ஓர் அங்குல இடைவெளியில் காற்று கீழிருந்து மேலே ஓடும். பலகையின் பின்பக்கத்துக்கும் வார்னிஷ் கட்டாயம். முன்பக்கம் மட்டும் அடித்தால் பின்பக்கம் ஈரம் குடித்துக் கிண்ணமாகக் குழியும். ரீப்பரைப் பிடிக்கும் துளையைச் செங்கல்லில் போடுங்கள், சுண்ணாம்புச் சந்தில் பிளக் நிற்காது.

மற்ற மூன்று சுவர்களும் காய்ந்தவை, வழக்கமான வேலைதான். கதவு ஜன்னல் போக 230 சதுர அடி: வெள்ளை சிமென்ட் பட்டி 20 கிலோ மூட்டை ஒன்று, பிரைமர் இரண்டு லிட்டர், எமல்ஷன் நாலு லிட்டர். அக்ரிலிக் பட்டி இந்த ஊருக்கு ஆகாது. காலை பத்துக்கு ஆரம்பித்து இரண்டு மணிக்குள் ரோலரைக் கழுவிவிடுங்கள். 10 டிகிரிக்குக் கீழே எமல்ஷன் படலம் சரியாகச் சேராது, தேய்த்தால் மாவாக வரும். அடுத்த பூச்சுக்கு நாலு மணி நேரம் என்று டப்பாவில் போட்டிருப்பது கோயம்புத்தூருக்கு. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி மழை வலுவானது என்பதால் தை முதல் பங்குனி வரைதான் வசதி. நிறத்தில் சாம்பல், நீலம் வேண்டாம், மஞ்சு இறங்கினால் அறை இன்னும் குளிரும். மஞ்சள் கலந்த க்ரீம் போதும்.

திரைக்குத் தனித் துணி வாங்கவில்லை. சென்னிமலைப் போர்வை இரண்டு, மேலே மடித்துத் தைத்தால் கம்பி நுழையும். நாலடி ஜன்னலுக்கு எட்டடி அகலம் இருந்தால்தான் மடிப்பு விழும். ஆனால் அதை மாட்டுமுன் ஜன்னல் கண்ணாடியை ஒரு கை பார்க்க வேண்டும். பழைய பட்டி உதிர்ந்து காற்று அடிக்கும்போதெல்லாம் கடகடக்கிறது. சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும் பிசைந்து போடப் போகிறேன். அதன் மேல் பெயின்ட் அடிக்க ஓரிரு வாரம் பொறுக்க வேண்டியிருக்கும்; அதற்குள் மூன்று சுவருக்கும் பட்டி இழுத்து, 180 உப்புத்தாள் போட்டுவிடலாம்.