பாதி வெளிச்சம் தெரியாமல் போகத்தான் வேண்டும்

படிக்கிற கண்ணாடியை மாற்றப் போன இடத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கடைக்காரர் ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொன்னார். கண்ணில் புஸ்ஸென்று காற்று அடித்தது. வலது கண்ணில் 24, இடது கண்ணில் 27. "கண்ணாடி இருக்கட்டும், முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று ஒரு சீட்டை எழுதிக் கையில் கொடுத்தார். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம், பாதரச மில்லிமீட்டர் கணக்கில், சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும்.

எனக்கோ வலி இல்லை, சிவப்பு இல்லை, மங்கல் இல்லை. மொரீசியஸ் ரூபாய் நோட்டில் அச்சாகியிருக்கும் தமிழ் எழுத்தைப் பழைய கண்ணாடியிலேயே தெளிவாகப் படித்தேன். கிளாக்கோமா என்கிற கண்ணழுத்த நோயின் சூழ்ச்சியே அதுதான். நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைத்துவிட்டு ஓரங்களை ஓசைப்படாமல் தின்றுகொண்டு வரும். ஒரு கண்ணில் விட்டுப்போனதை மறு கண் நிரப்பிக் காட்டிவிடுவதால் நமக்கும் எதுவும் தெரியாது.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது கண்மணி வழியாக முன்பக்கம் வந்து, கருவிழியின் விளிம்பில் உள்ள கோணத்தில் வடிய வேண்டும். வடிகால் மந்தமானால் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் பார்வை நரம்பு நசியும். நசிந்த இழை திரும்ப முளைக்காது. மருந்தெல்லாம் மீதியைக் காப்பாற்றத்தான்.

முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். மரத்துப்போகும் சொட்டு, மஞ்சள் சாயம், நீல விளக்கு என்று வரிசையாக நடந்தது. சிறு முனை ஒன்று கருவிழியைத் தொட்டு அழுத்தம் பார்த்தது. காற்றுக் கருவியை விட இந்தக் கணக்குத்தான் நம்பகமானது என்கிறார்கள். கருவிழியின் தடிமனையும் அளந்தார்கள். சராசரி 540 மைக்ரான் அளவில் இருக்கும். எனக்கு அதைவிடத் தடிமன். தடித்த கருவிழியில் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று டாக்டர் சொன்னதும் மனம் கொஞ்சம் ஆறியது. ஆனால் இடது கண்ணின் பார்வை நரம்பில் நடுக்குழி பெரிதாக இருக்கிறது, அது நரம்பு நசிவதன் அறிகுறியாக இருக்கலாம், பார்வைப் புலத்தை, அதாவது ஓரங்கள் வரை கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை, சோதித்தாக வேண்டும் என்றார்.

அந்தச் சோதனையைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இருட்டறை. ஒரு கண்ணைக் கட்டிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு மஞ்சள் விளக்கு. கையில் ஒரு பொத்தான். "வெளிச்சம் தெரிந்தால் அழுத்துங்கள்" என்பதோடு சரி, அந்தப் பெண் வெளியே போய்விட்டார். ஓரத்தில் ஒரு பொட்டு மின்னியது, அழுத்தினேன். இன்னொன்று, அழுத்தினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. வந்ததா, கண் கற்பித்துக்கொண்டதா என்று புரியாத அளவுக்கு மங்கலாக ஏதோ தோன்றியது. பதற்றத்தில் கண் நாலாபுறமும் தேடியது. கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. வாழ்நாளெல்லாம் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தவன் நான். தோற்கிற பிள்ளையின் வயிற்றுக் கலக்கம் அன்றுதான் தெரிந்தது. தாளில் கறுப்புத் திட்டுத் திட்டாக வந்தது. "நம்பகமில்லை" என்று அதன் மேலேயே குறித்திருந்தார்கள். நம்பகமில்லாத தாளுக்கும் கட்டணம் முழுதாக வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

மறுபடி செய்துகொண்டது இங்கே மொரீசியஸின் மோக்கா ஊரில், சுப்ரமணிய பாரதியின் பெயரைத் தாங்கிய அரசுக் கண் மருத்துவமனையில். அங்கே கட்டணம் கிடையாது, காத்திருப்பு உண்டு. சோதனை எடுத்த பெரியவர் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். கருவி உங்களுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போகும், எந்த இடத்தில் எவ்வளவு மங்கலானது வரை தெரிகிறது என்று எல்லையைத் தேடும். அதனால் நல்ல கண் உள்ளவருக்கும் ஏறக்குறைய பாதி தெரியாமல்தான் போகும் என்றார். இந்த ஒரு வாக்கியத்தை முன்பே யாராவது சொல்லியிருந்தால் என் தூக்கம் மிஞ்சியிருக்கும். இன்னும் இரண்டு செய்தி சொன்னார். பொத்தானை அழுத்தியபடியே பிடித்திருந்தால் சோதனை நிற்கும், அப்போது கண்ணை மூடி இளைப்பாறலாம். தாராளமாக இமைக்கலாம், அழுத்துகிற நொடியிலேயே இமைத்தால் நல்லது. பிறகு "பா பூஸே" என்று கிரியோலில் அசையாதிருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே நின்றார்.

அந்தக் கருவி கள்ளத்தனத்தையும் பிடிக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பார்வை நரம்பு விழித்திரையிலிருந்து புறப்படும் இடத்தில் எல்லாருக்குமே ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அவ்வப்போது அந்த இடத்தில் ஒளியைக் காட்டும். அதற்கும் நீங்கள் அழுத்தினால் கண் நடுவிளக்கை விட்டு அலைந்தது என்று குறித்துக்கொள்ளும். எங்கள் தேர்வுக் கண்காணிப்பாளர்களுக்கு இது வாய்க்கவில்லை.

இந்த முறை தாள் தெளிவாக வந்தது. வலது கண் சுத்தம். இடது கண்ணில் மூக்குப் பக்கம் மேலே சிறு இழப்பு. நரம்பிழைகளின் தடிமனை எடுத்த படத்திலும், அந்த மேல்பார்வைக்குப் பொறுப்பான கீழ்ப்பகுதி இழைகளில் சிவப்பு விழுந்திருந்தது. இரண்டும் ஒத்துப்போனதால் டாக்டர் தயங்காமல் சிகிச்சையைத் தொடங்கினார். சோதனைக்காகக் கண்மணியை விரிக்கும் சொட்டு போட்ட நாளில் மட்டும் கார் ஓட்டக் கூடாது; நம் ஊர் வெயிலில் அன்று கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பஸ் நிறுத்தம் வரை நடப்பதே பெரும்பாடு.

இரவு தோறும் லாட்டனோபிராஸ்ட் ஒரு சொட்டு. திறக்காத குப்பியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். கீழிமையை இழுத்துச் சொட்டை விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காது. கண் கொஞ்சம் சிவக்கும், இமைமயிர் நீளும். "இந்த வயதில் யாருக்காக இந்த அழகு?" என்று மனைவி கேட்கிறாள். டிமோலால் என்கிற இன்னொரு சொட்டு மருந்தை எனக்குத் தரவில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. உங்களுக்கு இழுப்பு இருந்தால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். இப்போது அழுத்தம் இரண்டு கண்ணிலும் 20க்குக் கீழே நிற்கிறது.

கூடப்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அப்பா கடைசிக் காலத்தில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டே இருந்தார். வயது என்று எல்லாரும் விட்டுவிட்டோம். அதைச் சொன்னதும் டாக்டர் என் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டார். தம்பி "காவடி விரதம் முடியட்டும் அண்ணா" என்று தள்ளிப்போட்டான், ஆனால் தைப்பூசம் முடிந்த வாரமே போய்விட்டான். அவனுக்கு அழுத்தம் சரியாக இருக்கிறது. பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க நரம்பைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அக்கா பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கிறாள். கண் நன்றாகத் தெரிகிறதே என்று போனில் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறாள்.