கரும்புத் தோட்டத்தில் பிறந்த கவிதையைச் சுங்கை சிப்புட்டில் வாசித்தோம்

ஈப்போவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனால் சுங்கை சிப்புட் வருகிறது. மலேசிய வரலாறு படித்தவர்கள் இந்த ஊரை 1948 ஜூன் 16 என்ற தேதியோடு சேர்த்தே நினைவில் வைத்திருப்பார்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. தோட்டத் தொழிலாளர்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டதும், தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான். இப்போது சாலையின் இருபுறமும் பெரும்பாலும் செம்பனையே தெரிகிறது. இடையிடையே எஞ்சியிருக்கும் பால்மரங்களில், அதாவது ரப்பர் மரங்களில், பால் வடியும் மங்குகள் கட்டியிருக்கின்றன.

ஊரில் ஒரு சிறிய வாசிப்புக் குழு கடைவீட்டு மாடியில் கூடுகிறது. கியூப எழுத்தாளர் ரெய்னால்டோ அரேனாஸைப் பற்றிப் பேச அவர்கள் என்னை அழைத்திருந்தார்கள். அரேனாஸ் தன்பாலீர்ப்பாளர். தன்பாலீர்ப்புள்ளவனாகச் சென்னையில் வளர்ந்த எனக்கு அவர் நெடுநாள் துணை. ஆனால் ஒரு தோட்டப்புற ஊரில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பால்மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த பாட்டி, ஓவியம் வரையும் இளைஞன் எனப் பலதரப்பட்டவர்கள் கூடியிருந்த இடத்தில் அவரைப் பற்றிப் பேசியபோது, அவருடைய எழுத்தின் இன்னொரு பக்கம் எனக்கு முதன்முறையாகத் துலங்கியது.

அரேனாஸ் 1943இல் கியூபாவின் கிழக்குப் பகுதியில் ஏழைக் குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் புரட்சியை நம்பியவர்களில் அவரும் ஒருவர். அதே புரட்சி அரசு 1965 முதல் 1968 வரை உழைப்பு முகாம்களை நடத்தி, தன்பாலீர்ப்பாளர்களையும் சமயப் பற்றாளர்களையும் அங்கே பிடித்து அனுப்பிக் கரும்பு வெட்ட வைத்தது. 1970இல் ஒரு கோடி டன் சர்க்கரை என்று அரசு இலக்கு வைத்து நாட்டையே கரும்புக் காட்டுக்குத் திருப்பியபோது அரேனாஸும் ஒரு சர்க்கரை ஆலைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். விளைந்தது ஏறக்குறைய 85 லட்சம் டன். அந்தத் தோட்டத்தில் இருந்துகொண்டே அவர் ஒரு நெடுங்கவிதை எழுதினார். ஸ்பானியர்கள் அடிமைப்படுத்திய பூர்வகுடிகள், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்கள், சீருடை மாட்டிக் கரும்பு வெட்ட அனுப்பப்பட்ட தன் காலத்து இளைஞர்கள் ஆகிய மூவரையும் ஒரே வயலில் நிறுத்திய கவிதை அது. தன் உடலின் விருப்பத்துக்காகத் தான் பட்ட துன்பத்தை மட்டும் சொல்லி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தோட்டம் என்ற அமைப்பே எத்தனை தலைமுறை உடல்களைத் தின்றிருக்கிறது என்று கணக்குக் கேட்டார்.

இந்த இடத்தில் பாட்டி குறுக்கிட்டார். எண்பதைக் கடந்தவர். "எங்கம்மா வெறும் வயித்தோடதான் தம்பி மரம் வெட்டப் போவாங்க. சோத்தக் கட்டிக்கிட்டு வெளிய போகக்கூடாது. கேட்டுல நிறுத்தித் துணிய உதறிப் பார்ப்பாங்க. அந்தப் பிள்ளை எழுதுனத எங்க ஒளிச்சுவெச்சான்?" அவசரகாலத்தில் காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உணவு போய்ச் சேராமல் தடுக்கத் தோட்டத்து வாசல்களில் நடந்த சோதனை அது. தான் எழுதிய நாவலின் தாள்களை அரேனாஸ் வீட்டுக் கூரை ஓடுகளுக்குக் கீழே மறைத்துவைத்ததையும், அவை காணாமல் போனதால் முழு நாவலையும் மறுபடி எழுதியதையும், நண்பர்கள் சிலர் அவருடைய கையெழுத்துப் பிரதிகளை இரகசியமாகப் பிரான்சுக்குக் கொண்டுபோனதையும் சொன்னேன். பாட்டி தலையசைத்தார். ஓட்டுக்குக் கீழே வைத்தால் மழை ஒழுகுமே என்று கவலைப்பட்டார். அந்தக் கவலையை நான் மிகவும் மதிக்கிறேன். அரேனாஸைப் பற்றி எழுதிய ஆய்வாளர் எவரும் அந்தத் தாள்கள் நனையுமே என்று கேட்டு நான் படித்ததில்லை.

1974இல் ஹவானாவின் எல் மோர்ரோ கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்ட அரேனாஸ், உடனிருந்த கைதிகளுக்காக அவர்களுடைய மனைவியருக்கும் காதலியருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தார். கூலியாகச் சிகரெட் கிடைத்தது. ஆசிரியர் ஐயா உடனே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் எழுத்தறிந்த ஒருவர் எல்லாருக்குமாக ஊருக்குக் கடிதம் எழுதியதைத் தன் தந்தை சொல்லிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். அதன்பின் பேச்சு அரை மணி நேரத்துக்கு லயத்துக் கடிதங்களைப் பற்றியே ஓடியது. நானும் தடுக்கவில்லை.

அரேனாஸ் 1980இல் மரியேல் துறைமுகம் வழியாகக் கியூபாவை விட்டு வெளியேறி, 1990இல் நியூயார்க்கில் இறந்தார். அவரைத் தனித்த விதிவிலக்காக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக வில்லெம் ஆரோண்டியஸைப் பற்றியும் சொன்னேன். நெதர்லாந்தைச் சேர்ந்த ஓவியரும் எழுத்தாளருமான அவர், 1943 மார்ச் 27 அன்று தோழர்களுடன் காவலர் வேடமிட்டு ஆம்ஸ்டர்டாமின் மக்கள் பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்து குண்டு வைத்தார். யூதர்களைத் தேடிப் பிடிக்க நாஜிகள் பயன்படுத்திய அட்டைகள் அங்கேதான் இருந்தன. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தன்பாலீர்ப்பாளர்கள் கோழைகள் அல்லர் என்பதை உலகுக்குச் சொல்லுங்கள் என்பதே அவர் சொல்லியனுப்பிய செய்தி.

"இங்கே?" என்று அந்த இளைஞன் கேட்டான். அவன் கையிலிருந்த வரைபுத்தகத்தில் நான் பார்த்த ஒரு பக்கத்தில், தோட்டத்தில் காலையில் பெயரழைக்கும் இடமான பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கும் ஆட்களுக்கு நடுவே இரண்டு ஆண்களின் கைகள் மட்டும் சுண்டுவிரலால் கோத்திருந்தன. மற்ற முகங்களையெல்லாம் பென்சிலால் மெல்லத் தீட்டியிருந்தவன், அந்த விரல்களுக்கு மட்டும் கறுப்பு மையை அழுத்தியிருந்தான். மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வரிசை, ஆண்களுக்கிடையேயான உறவுக்கு 20 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. 2008இல் தொடங்கிய செக்சுவாலிட்டி மெர்டேக்கா என்ற பாலியல் உரிமை விழாவை 2011இல் காவல்துறை தடை செய்தது. 2018 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுனில் நடந்த புகைப்படக் கண்காட்சியிலிருந்து பாலியல் சிறுபான்மையினர் உரிமைச் செயற்பாட்டாளர்களான நிஷா அயூப், பாங் கீ தெய்க் ஆகியோர் நாட்டுக் கொடியோடு நின்ற படங்கள் அரசின் உத்தரவால் அகற்றப்பட்டன. அடுத்த மாதமே, செப்டம்பர் 6 அன்று, இந்திய உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்போது இரண்டு நாடுகளிலும் பிரிவின் எண் 377தான். லயம் கட்டிய, ஆள் சேர்க்கக் கங்காணியை அனுப்பிய, அவசரகாலம் அறிவித்த அதே பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவுக்கென 1860இல் எழுதிய சட்டம்தான் கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது. தோட்ட வாழ்வின் அநீதியை இவ்வளவு கூர்மையாக எழுதிய மலேசியத் தமிழ் இலக்கியம் இந்தச் சட்டத்தையும் அந்த அநீதியின் பகுதியாகவே பார்க்க வேண்டும் என்று அங்கே சொன்னேன். ஓரிருவர் முகம் சுளித்தார்கள். ஆசிரியர் ஐயா மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. கவிதையை முழுதாகத் தமிழில் படித்துவிட்டுப் பேசலாம் என்றார்.

அது நியாயமான கோரிக்கை. கவிதையின் முதல் பகுதியை மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டேன். கரும்பு வெட்டு, ஆள் கணக்கு, விடியற்காலைப் பெயரழைப்பு பற்றிய வரிகளை ஆசிரியர் ஐயாவுக்கு அனுப்பித் தோட்டத்து வழக்கோடு ஒப்பிட்டுத் திருத்தி வாங்குகிறேன். அடுத்த கூட்டத்தில் அதைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்ட அந்த இளைஞன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.